உங்களுக்குத் தெரியுமா? பெரிய கொடுவாவுக்கும் விடுதலை உண்டு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கரையில், கடலிலும் கழிமுகத்திலும் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவை மட்டுமல்ல, 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் திருப்பி விட்டாக வேண்டும். குஞ்சை விடுவது சரி, கிழட்டு மீனை ஏன் விட வேண்டும் என்று கேட்கலாம். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே அந்தப் பெருமீன் அநேகமாகத் தாய்; லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. குறைந்தபட்ச அளவை மட்டும் வைத்தால் இந்தத் தாய்மீன்களுக்குப் பாதுகாப்பு இருக்காது. முள் குத்திய மீன் பிழைக்குமா என்பது நியாயமான ஐயம்தான். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கிப் படமெடுத்தால் (அந்த ஆசை யாரை விட்டது!) அதன் எடையே அதற்குக் காயம் உண்டாக்கும். தண்ணீரிலேயே வைத்து, ஈரக்கையால் வயிற்றைத் தாங்கி முள்ளைக் கழற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.