சங்கிலியும் எண்ணெயும்

பழுதுற்ற எஞ்சினைக் கழற்றிவிட்டு, உடைத்த வண்டியொன்றிலிருந்து வாங்கிய வேறொரு எஞ்சினை அதன் ஸ்தானத்தில் பொருத்த முற்படுகிறவர்கள், பெரும்பாலும் அது ஓடுகிறதா, புகை கக்குகிறதா என்பதை மட்டுமே விசாரித்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். முன்பக்க மூடியைத் திறந்து, டைமிங் செயினும் ஆயில் பம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பவர் சிலரே. எஞ்சின் வண்டிக்கு வெளியே நிற்கும் அந்தச் சில நாட்களிலேயே இவ்விரண்டையும் புதுப்பித்துவிட வேண்டும் என்பதும், ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவைப்பது பாதி வேலையே என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இவ்விரு தண்டுகளையும் அவற்றின் முனையிலுள்ள ஸ்பிராக்கெட்டுகள் வழியே பிணைப்பது டைமிங் செயின். ஆதலால் கேம் ஸ்பிராக்கெட்டுக்குக் கிராங்க் ஸ்பிராக்கெட்டைப்போல் இரு மடங்கு பற்கள் உண்டு. கிராங்க் நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்கள் சுழல்கையில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை தனக்குரிய கணத்தில் திறந்து மூடியாக வேண்டும். கேம் ஸ்பிராக்கெட்டில் 36 பற்கள் என்று வைத்துக்கொண்டால், சங்கிலி ஒரே ஒரு பல் தாண்டினாலும் கேம் 10 பாகையும், கிராங்க் கணக்கில் 20 பாகையும் பிசகிவிடும். சில வகை எஞ்சின்களில் பிசகு மிகுந்தால் மேலெழும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை மோதி வளைத்துவிடும்.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் உருவாக்கிய புஷ்-ரோலர் சங்கிலியின் வம்சத்தில் வந்ததே இந்த டைமிங் செயின். வருஷக்கணக்கில் உழைத்த சங்கிலி நீண்டுபோவது எஃகுத் தகடுகள் இழுபடுவதால் அன்று. கண்ணிகளைப் பிணைக்கும் பின்களும் புஷ்களும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதாலேயே. கண்ணிக்கு 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் நூறு கண்ணிகளில் 5 மில்லிமீட்டர் தளர்ச்சி சேர்ந்துவிடும். இத்தேய்மானத்தைத் தணிப்பது எண்ணெய்ப் படலம் ஒன்றே.

தளர்ந்த பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரும், அநேக எஞ்சின்களில், ஆயில் பம்ப் அனுப்பும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. அந்தப் பம்பினுள் ஒரு சிறு பற்சக்கரமும், மையம் சற்று விலகிய ஒரு வெளிவளையமும் சேர்ந்து சுழல்கின்றன; விரியும் இடைவெளி எண்ணெயை உறிஞ்ச, சுருங்கும் இடைவெளி அதை வெளியே தள்ளுகிறது. சக்கரத்தின் பக்கவாட்டில் விடப்படும் இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனே. அது தேய்ந்து அகன்றால், உஷ்ணத்தால் இளகிய எண்ணெய் வந்த வழியே திரும்பிக் கசியும். வண்டி நின்று எஞ்சின் மெதுவாகச் சுழலும் வேளையில் அழுத்தம் சரியும். அழுத்தம் சரிய டென்ஷனர் தளர்கிறது. அது தளரச் சங்கிலி ஆடி, தன்னை நெறிப்படுத்தும் கைடுகளை அடிக்கிறது. கைடு உடைந்தால் அதன் துண்டுகள் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் சம்ப்பில் விழுந்து, பம்பு எண்ணெயை உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னரை அடைக்க, பம்புக்கே எண்ணெய் கிடைக்காமற் போகிறது.

1981 முதல் 1990களின் நடுப்பகுதி வரை டொயோட்டாவின் ஹைலக்ஸ் முதலிய வண்டிகளில் உழைத்த, 2366 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள 22ஆர் எஞ்சின் இதற்குப் பிரத்தியட்ச உதாரணம். நீடித்த உழைப்புக்குப் பெயர்பெற்ற அந்த எஞ்சினில், ஆரம்பத்திலிருந்த இரட்டை வரிசைச் சங்கிலியை விடுத்து 1980களில் ஒற்றை வரிசைச் சங்கிலியையும் பிளாஸ்டிக் கைடுகளையும் அமைத்தார்கள். கைடு உடைந்தபின் சங்கிலி அலுமினிய மூடியை அரம்போல் அறுத்து, குளிர்நீர் செல்லும் பாதையையே துளைத்துவிடும். நீர் எண்ணெயில் கலந்து பேரிங்குகள் நாசமாகும். இதே எஞ்சினில் ஆயில் பம்பும் அம்மூடியின்மேல் அமர்ந்து, கிராங்க் முனையாலேயே சுழற்றப்படுகிறது. எஞ்சின் வண்டிக்குள் இருக்கையில், உடைந்த துண்டுகளை எடுக்கச் சம்ப்பை இறக்குவது பெரும் பிரயாசை. எஞ்சின் ஸ்டாண்டில் நிற்கையிலோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பின்புறம் எஃகு பதித்த கைடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றையே போட வேண்டும்.

சங்கிலியை மட்டும் புதிதாக்கிப் பழைய ஸ்பிராக்கெட்டுகளை விட்டுவைப்பது தவறு. கொக்கிபோல் தேய்ந்த பற்கள் புதுச் சங்கிலியையும் விரைவில் கெடுத்துவிடும். மூடியைப் பொருத்தும்போது சிலிக்கோன் பசையை அளவுக்கு மீறிப் பூசினால், உள்ளே பிதுங்கிய பகுதி உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சிறிய பிழையால் நேரும் இந்த அபாயம் எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. சங்கிலியின் பளபளப்பான கண்ணிகளை ஸ்பிராக்கெட்டின் குறிகளோடு பொருத்தியபின், கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி, எங்கும் தட்டாமல் செல்கிறதா என்றும், தண்டுகள் இரண்டும் உரிய நிலைக்குத் திரும்புகின்றனவா என்றும் பார்ப்பது அவசியம். புதுப் பம்பு வறண்ட நிலையில் எண்ணெயை உறிஞ்சத் தடுமாறுமாதலால் அதன் பற்களுக்கிடையே வாசலின் அடைத்துப் பொருத்துவது நல்ல வழக்கம். அதன்பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். அது அணையாவிட்டால், பிளக்குகளை மாட்டாமல் பம்பை மறுபடி கழற்றிப் பார்ப்பதே செய்யத்தக்கது.