பூச்சுக்குக் கீழே என்ன மரம்?

என் கிட்டாரின் நெக்கைப் பாடியோடு பிடித்து நிறுத்துபவை நான்கு ஸ்க்ரூக்கள். அவற்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எட்டு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை. வறுத்த மேப்பிள் நெக் என்று சொல்லி, அதற்கென்று தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டு ஒரு பட்டறை செய்து கொடுத்த எலக்ட்ரிக் கிட்டார் அது. ஐப்பசி மழை தொடங்கியதும் நெக் வளைந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிகள் எழும்பி நின்றன. கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மதுரையில் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "முதல்ல நெக்கைக் கழட்டுவோம் தம்பி" என்றார்.

ஸ்க்ரூக்கள் வெளியே வந்ததும் துளைகளைக் காட்டினார். வெளியே காபி நிறம். துளைக்குள்ளே மரம் வெளேரென்று இருந்தது. சாதாரண மேப்பிளுக்குச் சாயம் ஏற்றி, மேலே மெல்லிய பூச்சு போட்டு, வறுத்த மரத்தின் விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

நமக்கேற்ற கிட்டாரைச் சொல்லிச் செய்வது இன்று மேடைக் கலைஞர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் கல்லூரி மாணவர், மகள் ஆசைப்பட்டாள் என்று சேமிப்பைக் கரைக்கும் அப்பா எனப் பலரும் ஆர்டர் கொடுக்கிறார்கள். கொடுக்கும் பணம் சிறியதல்ல. வாங்கும் பொருளின் முக்கியமான பகுதியோ பூச்சுக்கு அடியில் போய்விடுகிறது. பூச்சு ஏறியபின் எந்த மரம், எவ்வளவு உலர்ந்தது, உண்மையில் வறுத்ததா என்பதற்கெல்லாம் வெளியிலிருந்து கண்ணால் பார்க்கும் சாட்சி இல்லை. அதனால் பூச்சு ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுத்திலும் படத்திலும் வாங்கிவிட வேண்டும்.

வறுத்தல் என்றால் என்ன என்று தெரிந்தால் ஏமாற்றைப் பிடிப்பது எளிது. ஆக்சிஜன் மிகக் குறைந்த சூளையில், ஏறத்தாழ 160 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரை மரத்தைச் சூடாக்குகிறார்கள். வெளிச்சுவர்ப் பலகைகள் மழையில் உப்பாமல் இருக்க 1990-களில் ஃபின்லாந்தில் பெரிய அளவில் வளர்ந்த முறை இது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பகுதி அந்தச் சூட்டில் சிதைகிறது. அதன்பின் மரம் காற்றிலிருந்து குறைவான ஈரத்தையே உறிஞ்சும். வீங்குவதும் சுருங்குவதும் குறையும். வெளியில் கடற்காற்றின் புழுக்கமும் அரங்கத்துக்குள் ஏசியின் வறட்சியும் மாறி மாறித் தாக்கும் சென்னை போன்ற ஊரில் இது உண்மையான நன்மை. நெக் நேராக நிற்கும், ட்ரஸ் ராடை அடிக்கடி தொட வேண்டியிருக்காது.

அந்தச் சூடு மரத்தின் உள்வரை போவதால் நிறமும் உள்வரை போகும். சிறு ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் எங்கே துளையிட்டாலும் தூள் பழுப்பாகத்தான் வரும், கருகிய சர்க்கரை வாசனையோடு. எனவே சோதிக்க வேண்டிய இடங்கள் ஸ்க்ரூ துளைகள், நெக்கின் அடிக்கட்டை, ட்ரஸ் ராட் செல்லும் குழி ஆகியவை. பழைய கிட்டார் போலத் தோன்ற மேப்பிளுக்கு மஞ்சள் கலந்த பூச்சு போடுவது பல காலமாக உள்ள நேர்மையான வேலைதான். அதை வறுத்த மரம் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

வறுத்த மரத்துக்கும் குறை உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. மரம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. நிறம் கறுக்கக் கறுக்க அந்த ஆபத்தும் கூடும். சரியான அளவில் முன்துளை போடாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் பிளந்துவிடும். டியூனர் இருக்கும் தலைப்பகுதியிலும் நெக் பூட்டும் இடத்திலும் மயிரிழை விரிசல் உண்டா என்று கிட்டார் கைக்கு வந்த அன்றே வெளிச்சத்தில் பாருங்கள். நெக்குக்கு நடுத்தர வறுவலே போதும் என்பது என் கருத்து. கன்னங்கரேலென்ற நெக் படத்தில் அழகாக இருக்கும். மேடையில் ஒருமுறை கீழே விழுந்தால் அந்த அழகு உதவாது.

மரச் சேர்க்கையைப் பற்றி ஏராளமாகப் பேசுகிறார்கள். வறுத்த மேப்பிள் நெக்கோடு ஆல்டர் பாடி, ஸ்வாம்ப் ஆஷ் பாடி, வறுத்த பைன் பாடி, மஹோகனி பாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாத வர்ணனை இருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒலியை முதலில் தீர்மானிப்பவை பிக்கப், கம்பி, பாலம், வாசிக்கும் கை. மரத்தின் பங்கு அதற்குப் பின்னால்தான் வரும். 'தேன் போன்ற நாதம்' கிடைக்கவில்லை என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் வழக்காட முடியாது. மரத்தின் இனம், கிட்டாரின் எடை, வறுத்ததா இல்லையா, பாடி ஒரே பலகையா ஒட்டுப்பலகையா, உள்ளே குடைந்ததா என்பவை வேறு. அவற்றை அளக்கலாம், நிரூபிக்கலாம். அவற்றை எழுதி வாங்குங்கள். மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவருக்கு எடையைப் போல முக்கியமானது எதுவும் இல்லை; 'லேசாக இருக்கும்' என்று எழுதுவதற்குப் பதிலாக 'மூன்றரை கிலோவுக்கு மேல் போகாது' என்று எழுதச் சொல்லுங்கள்.

ஸ்வாம்ப் ஆஷ் கேட்டால் கிடைப்பது கடினம் என்று சொல்வார்கள், அது உண்மை. அமெரிக்காவில் மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. மிசிசிப்பி ஆற்றோரம் வெள்ளம் நீண்ட நாள் நிற்பதால் வெட்டவும் முடிவதில்லை. 2020-இல் ஃபெண்டர் நிறுவனமே தன் வழக்கமான மாடல்களில் ஆஷ் மரத்தை விலக்குவதாக அறிவித்தது. ஆகவே மிக மலிவாக ஸ்வாம்ப் ஆஷ் தருகிறேன் என்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

நிறத் தேர்வில்தான் அதிகம் பேர் மனம் நொந்துபோகிறார்கள். வறுத்த மரத்தின் அடிநிறம் பழுப்பு. அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலம் போட்டால் பச்சைக்குப் போகும். ஊடுருவும் வெள்ளை பாலாடை நிறமாகும். கணினித் திரையில் பார்த்த நிறம் கிடைக்காது. அதே பலகையின் மிச்சத் துண்டில் அதே பூச்சைப் போட்டு மாதிரி கேளுங்கள். கொடுத்தால் அதில் இருவரும் தேதியோடு கையெழுத்திட்டு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாதிரி காட்டி விற்ற பொருள் மாதிரியோடு பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது. வர்ணித்து விற்றால் வர்ணனையோடு பொருந்த வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. உள்ளங்கை அளவு மரத்துண்டு பின்னால் ஆணையத்தின் மேசையில் சாட்சியாக நிற்கும்.

பூச்சுகளில் நைட்ரோ லேக்கருக்குத் தனி மோகம் உண்டு. மெல்லியது, அழகாகத் தேயும். ஆனால் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு அனுப்பினால் பெட்டியின் துணித் தடம் பூச்சில் பதிந்து வரும். ரப்பர் பட்ட ஸ்டாண்டில் நிறுத்தினால் ரப்பர் அதைத் தின்று கறையாக்கும். வியர்வை ஊறும் நம் ஊரில், மேடையிலேயே வாழும் கிட்டாருக்கு நான் பாலியூரித்தேனைத்தான் சொல்வேன். வறுத்த நெக்குக்கு மட்டும் எண்ணெயும் மெழுகும் போதும். கை வழுக்கிப் போகும், ஒட்டாது. வறுக்காத மேப்பிளைப் பூச்சில்லாமல் விட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் நிபந்தனை வைக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் மிச்சம் என்று வீட்டிலேயே பூச முனைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேனின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்தால் சிறு அளவு பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது இதற்குப் பாதுகாப்பே அல்ல. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றி எரியக்கூடும். விரித்துப் போட்டு வெளியில் காய வைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். மரத்தூளை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியான முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. பட்டறையில் தேய்க்கும் பையனுக்கு முகமூடி இருக்கிறதா என்று ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் கேட்டதற்குப் பலன் இருக்கும்.

ஃபிங்கர்போர்டு மரத்தில் சட்டம் இன்னும் நெருக்கமாக வருகிறது. நம் நீலகிரியிலும் கூடலூர்ப் பக்கத்திலும் வளரும் ஈட்டிதான் உலகக் கிட்டார்க்காரர்கள் கொண்டாடும் இந்திய ரோஸ்வுட். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தின் டென்னசி ஆலைகளில் புகுந்து, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டியையும் கருங்காலியையும் கைப்பற்றினார்கள். மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாக 2009-இலேயே ஒரு சோதனை நடந்திருந்தது. 2012-இல் 3 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டு கிப்சன் அதை முடித்தது. மரம் கிடைக்காத அந்த இடைவெளியில் சில மாடல்களில் ஈட்டிக்குப் பதிலாக வறுத்த மேப்பிளை ஃபிங்கர்போர்டாக வைத்தார்கள். நீலகிரி ஈட்டியின் இடத்தைத்தான் வறுத்த மரம் அங்கே பிடித்தது.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 2017 ஜனவரி 2 முதல் ஈட்டியின் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கலைஞர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் படாத பாடுபட்ட பின், 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் செய்து முடித்த பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. 1992 முதல் அது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 'பழைய பிரேசில் மரம் கொஞ்சம் வைத்திருக்கிறேன்' என்று ரகசியக் குரலில் சொல்பவரிடம் விலகி நில்லுங்கள். உள்ளூர் ஈட்டி என்றாலும் வாங்கிய பில்லையும் வனத்துறை அனுமதியையும் கேளுங்கள். காகிதம் இல்லாத மரத்தோடு விமான நிலையத்தில் பதில் சொல்லப்போவது பட்டறைக்காரர் அல்ல, நீங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நான் வாசித்துச் சம்பாதிப்பவன், எனவே நுகர்வோர் ஆக மாட்டேனோ என்ற பயம் எனக்கு இருந்தது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிய பொருள் வணிக நோக்கில் சேராது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. கச்சேரிக்காரரும் நுகர்வோர்தான். பொருளின் தரத்தையும் சேர்மானத்தையும் பொய்யாகச் சொல்வது, பில் தர மறுப்பது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது ஆகியவை நேர்மையற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே கெடு வைக்கிறது. 'சொல்லிச் செய்த பொருள், ரிட்டர்ன் கிடையாது' என்ற வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். உங்கள் மனம் மாறியதற்கு வேண்டுமானால் அது பொருந்தும். பேசிய மரம் வராததற்குப் பொருந்தாது.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையத்திலும் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மரம் எது என்பதில் தகராறு வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மர இனத்தை அடையாளம் காணும் வேலையைச் செய்கிறது. வெளிநாட்டுப் பட்டறை என்றால் உத்தரவு வாங்கினாலும் நிறைவேற்றுவது கடினம். அங்கே கிரெடிட் கார்டில் பணம் கட்டி, பொருள் தவறாக வந்தால் உடனே வங்கியில் ஆட்சேபம் தெரிவிப்பதே நடைமுறைக்கு உதவும் வழி. தனிநபர் கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி இல்லை. எங்கே செய்தாலும் முழுப்பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பூச்சில்லாத மரத்தின் படம் வந்தபின் ஒரு பங்கு, கையில் வாங்கிப் பார்த்தபின் கடைசிப் பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

என் பில்லில் 'கஸ்டம் கிட்டார் – 1' என்று மட்டுமே இருந்தது. 'வறுத்த மேப்பிள்' என்ற சொல்லும் அதற்கான கூடுதல் தொகையும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தியில் இருந்தன. நல்லவேளையாக நான் அதை அழிக்கவில்லை. அந்தச் செய்தியையும் துளைகளின் படத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினைந்து நாளில் வேறு நெக் செய்து தர ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை பூச்சு போடுவதற்கு முன்பே துளை போட்ட வெறும் நெக்கின் படம் வந்தது, பில்லில் மரத்தின் பெயரும் வறுத்தது என்ற சொல்லும் வந்தன. நெக் கைக்கு வந்த அன்று பெரியவரின் கடையில் வைத்து, பாடியில் பூட்டுவதற்கு முன் நான்கு துளைகளிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அடிவரை பழுப்பு.