பத்து மணிக் கூத்தும் பத்து மணி ஊரடங்கும்

இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பது தெருக்கூத்து. 2021 ஏப்ரல் 20 முதல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த இரவு ஊரடங்கும் பத்து மணிக்கே தொடங்கியது. “எங்க தொழிலப் பாத்தே நேரம் குறிச்ச மாதிரி இருந்துச்சு சார்” என்று சிரிக்கிறார், செய்யாறு பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த ஜமா வாத்தியார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இரண்டு ஆண்டு வறுமையும், பன்னிரண்டு பேர் கொண்ட ஜமாவையே உடைக்கப் பார்த்த மூன்று சண்டைகளும் இருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “சண்ட போட்டவங்க எல்லாம் இன்னிக்கும் ஒரே வண்டியிலதான் போறோம்.”

யாருக்கு அவசரம்?

வடமாவட்டக் கூத்துக்காரர்களுக்குப் பங்குனி முதல் ஆடி வரைதான் வருமானம். திரௌபதி அம்மன் கோயில் பாரதம், மாரியம்மன் திருவிழா என்று ஊர் ஊராகப் போவார்கள். அதற்கு முன்பே விழாக் குழுவினர் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிடுவார்கள். கிரீடம், புஜகீர்த்தியைச் செப்பனிடுவதும், நடிகர்கள் வேறு ஜமாவுக்குப் போகாமல் கையில் கொஞ்சம் கொடுத்து நிறுத்துவதும் அந்தப் பணத்தில்தான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு. பங்குனி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. திருவிழாக்கள் நின்றன. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஓர் ஊரிலிருந்து ஆள் வந்தது.

“குடுத்துடலாம். இல்லன்னா அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்க” என்றார் வாத்தியார். மிருதங்கக்காரர் ஒப்பவில்லை. “ஊர்த்தெரு ஜமாவுக்கு, அடுத்த வருசம் ஆடிக் கழிச்சிக்கோன்னு சொன்னாங்களாம். நம்மகிட்ட மட்டும் நாளைக்கே கொண்டான்னா இன்னா அர்த்தம்?” அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. வாத்தியாரின் மனைவி தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்து பாதிப் பணம் திரும்பியது. மிருதங்கக்காரர் இரண்டு மாதம் வாத்தியார் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

ஒரே கைபேசி

அடுத்த சண்டை கைபேசியால் வந்தது. கூத்தைப் படம்பிடித்து யூடியூபில் போடலாம் என்றார்கள் இளைஞர்கள். இருபது நிமிடத்தில் படுகளத்தை முடிக்க வேண்டும் என்றதும் வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “துரியோதனன் திரை கட்டி வந்து நிக்கவே இருபது நிமிசம் ஆவும்டா.”

ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் நல்ல கைபேசி என்று இருந்தது ஒன்றுதான். அதில் பெண் வேடக்காரரின் மகள் ஆன்லைன் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து கைபேசி வந்தால் சார்ஜ் இருக்காது, சார்ஜ் ஏற்றி வந்தால் வெளிச்சம் போயிருக்கும். ஒரு நாள் எல்லாம் கூடிவந்தது. கட்டியங்காரன் பேசத் தொடங்கியபோது தெருநாய்கள் குரைக்க ஆரம்பித்தன, கடைசிவரை ஓயவில்லை. அந்தப் படத்தால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. நூறு நாள் வேலை மறுபடி தொடங்கியபிறகு அந்த வீடுகளில் உலை வைத்தது பெண்களின் கூலிதான்.

இருபது பேரில் நாம் உண்டா?

மூன்றாவது சண்டைதான் பெரியது. இந்த ஜமாவில் சிலர் பறையும் அடிப்பவர்கள். மேடையில், ஊர்வலத்தில், அம்பேத்கர் பிறந்தநாளில் அடிப்போம். ஊர்த்தெருச் சாவுக்குச் சாதிக் கடமையாகப் போய் அடிக்க மாட்டோம் என்று காலனி இளைஞர்கள் முன்பே முடிவெடுத்திருந்தார்கள். அந்த முடிவுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. கே.ஏ. குணசேகரனின் ‘தன்னானே’ கலைக்குழு, மதுரையில் நடந்த தலித் கலை விழா, பெண்கள் பறையை ஏந்திய திண்டுக்கல் சக்தி கலைக்குழு ஆகியவை பறையை இழிதொழிலின் அடையாளத்திலிருந்து மீட்டு மேடையேற்றின.

2021 மே மாதம், இரண்டாம் அலை. ஊர்த்தெருவில் ஒரு சாவு. “ரெண்டு பேர் வந்தாப் போதும்” என்று சொல்லி அனுப்பினார்கள். அறுபது வயதைத் தாண்டிய பறைக்கலைஞர் ஒருவர் புறப்பட்டார். இளைஞர்கள் மறித்தார்கள். “இறுதிச் சடங்குல இத்தினி பேர்தான்னு கணக்கு வெச்சிருக்காங்க. அதுல நம்பள ஆளா எண்ணுவாங்களா? பொணத்துக்குப் பக்கத்துல நிக்கிறது நாம, மாஸ்க் குடுத்தது அவங்க சொந்தக்காரங்களுக்கு.”

பெரியவர் சொன்னது: “நீ சொல்றது நெசம்தான்டா. வீட்ல அரிசி இல்லன்றதும் நெசம்.” அவர் போனார்.

திரும்பி வந்தபோது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மருமகள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கூத்துப் பெட்டிகள் வைக்கும் கொட்டகையில் பதினான்கு நாள் படுத்திருந்தார். மறித்த இளைஞர்களே முறைபோட்டுக் கஞ்சி கொண்டுபோய் வைத்தார்கள். நல்லவேளையாக நோய் வரவில்லை. அவரும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை, இளைஞர்களும் மாற்றிக்கொள்ளவில்லை.

புதுப் பங்கு

அரிசி அட்டைக்கு 2020இல் ஆயிரம் ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக நான்காயிரமும் அரசு நிவாரணமாகக் கிடைத்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குக் கலைஞர்களுக்கென்று தனி உதவியும் வந்தது. பன்னிரண்டு பேரில் அட்டை வைத்திருந்தவர்கள் மூன்று பேர். விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லக்கூட மற்றவர்களுக்கு ஆள் இல்லை.

இப்போது எல்லோரும் விண்ணப்பித்திருக்கிறார்கள். கூத்து வருமானத்தில் நடிகருக்கு, வாத்தியத்துக்கு, பெட்டிக்கு என்று பங்கு பிரிப்பது வழக்கம். அதோடு ‘கஷ்டப் பங்கு’ என்று ஒன்றைச் சேர்த்து ஒதுக்கிவைக்கிறார்கள். விழா நின்றால் முன்பணத்துக்கு என்ன வழி என்பதை வெற்றிலை பாக்கு மாற்றும்போதே எழுதி வாங்குகிறார்கள். எழுதிக் கேட்டவர் மிருதங்கக்காரர். முகம் சுளித்த விழாக் குழுக்களும் உண்டு, கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு.

சாவு மேளம் பற்றி மட்டும் இன்னும் ஒத்த முடிவு இல்லை. “அது எங்க பன்னெண்டு பேர் மட்டும் முடிக்கிற விஷயம் இல்ல சார். ‘வந்து அடி’ன்னு சொல்லி அனுப்பறவங்களும் முடிக்கணும்” என்கிறார் வாத்தியார்.

ஊர்த்தெரு ஜமாவுக்கு ஒரு நியாயம், காலனி ஜமாவுக்கு ஒரு நியாயம் என்பதை நோய் கொண்டுவரவில்லை. அது முன்பே இருந்தது. அடுத்த பங்குனிக்கு வெற்றிலை பாக்கு வைக்கப்போகும் விழாக் குழுவினர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.