சங்கத்து வேனில் பாட்டரி ஏறாமைக்குக் காரணம் என்ன?

ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறுவதை நம் அங்கத்தினர்கள் அறிவர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்விழாவிற்கு எங்கள் நெசவாளர் சங்கத்தின் பழைய டீசல் வேன் சென்றிருந்தது. எழுபது கொண்டையூசி வளைவுகளை ஏறிச் சென்ற அவ்வண்டி எங்களுக்குக் கடையாகவும் வீடாகவும் பயன்படுவது. பகலில் பின்கதவைத் திறந்து சேலைகளையும் போர்வைகளையும் பரப்பி விற்போம்; இரவில் உடன் செல்லும் இருவர் அதனுள்ளேயே பலகைக் கட்டிலில் படுத்துறங்குவர். விளக்குக்கும் விசிறிக்குமாகக் கட்டிலின் அடியில் இரண்டாவது பாட்டரி ஒன்று உண்டு.

முதல் நாள் மாலை, கூட்டம் சேரும் வேளையில், விளக்குகள் மங்கி அணைந்தன. அன்றைய விற்பனை அத்துடன் முடிந்தது. மறுநாட் காலையில் எஞ்சினும் கிளம்பவில்லை. மலைவாழ் அன்பர்கள் பத்துப் பேர் தள்ளிவிட்ட பின்னரே வண்டி இறங்கியது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பின் பாட்டரியை இருமுறை மாற்றியிருந்தோம், ஒவ்வொன்றும் ரூ. 8,000-க்குக் குறையவில்லை. மூன்றாவதற்கும் தீர்மானம் எழுத நிர்வாகக் குழு கூடிற்று. ஒரு பாட்டரியின் விலை எத்தனை சேலைகளின் நெசவுக் கூலி என்பதை அங்கத்தினர் ஒருவர் அக்கூட்டத்தில் கணக்கிட்டுச் சொன்னார். அதன் பின் எவரும் கையெழுத்திட முன்வரவில்லை.

லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடும் பெயர் பெற்றவை. ஆதலால் வண்டிகளின் மின்வேலை அறிந்த முதியவர்கள் இப்பகுதியில் இன்றும் இருக்கின்றனர். அத்தகைய ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் பாட்டரியைத் தொடவில்லை. அரைமணி நேரம் மீட்டரை அங்குமிங்கும் வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டரி மேல தப்பே இல்லீங்க. அதுக்குச் சோறு போய்ச் சேரலீங்க" என்றார். அன்று அவர் செய்து காட்டிய சோதனைகளை இங்கே எழுதுகிறோம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு இவற்றை எவரும் செய்யலாம்.

கார்பாட்டரி என்பது 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளாண்ட்டே கண்டறிந்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததேயாகும். ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ட். வண்டியை நிறுத்தி இரவு முழுதும் ஓய்வில் விட்டுக் காலையில் அளந்தால், முழுதும் ஏறிய பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 எனில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. 11.9-க்குக் கீழ் எனில் அது வெறும் பெட்டி. இதுவே முதற் சோதனை. அடுத்து, எஞ்சினை ஓட்டிச் சற்று வேகம் கூட்டி அளக்க வேண்டும். எண் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். ஓய்வில் இருந்த 12.4 ஓட்டத்திலும் 12.4 ஆகவே நின்றால் மின்சாரம் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. மிகப் பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அது மெதுவான ஓட்டத்தில் பாட்டரியை ஏற்றாது. அதைப் பழுது எனக் கருதிப் பிரித்துவிடலாகாது.

எங்கள் வண்டியில் முன் பாட்டரி 14.1 காட்டியது. அதே கணத்தில் கட்டிலடியிலிருந்த பின் பாட்டரி 12.9 காட்டியது. 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோயிற்று! குற்றம் முழுவதும் இங்கேதான் இருந்தது.

மேட்டூர் வாய்க்காலில் பாசனம் செய்யும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணையில் நீர் நிறைந்திருக்கும், மதகும் திறந்திருக்கும், ஆயினும் வாய்க்கால் குறுகி மண்மேடிட்டிருந்தால் கடைமடை காய்ந்தே கிடக்கும். வேனில் வாய்க்கால் என்பது தாமிரக் கம்பி. முன்பு எவரோ 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்து வைத்திருந்தார். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று கொண்டால், 20 ஆம்பியர் ஓடும்போது அக்கம்பியில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் குறைந்துவிடும். அதே தூரத்திற்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் கால் வோல்ட்டுக்கு மேல் குறையாது. எங்கள் வண்டியில் திரும்பும் வழி கம்பி வழியாகக்கூட இல்லை. இருக்கையின் போல்ட்டில் எர்த் கொடுத்திருந்தார்கள். போல்ட்டைக் கழற்றியபோது அடியில் துருவும் பெயின்ட்டும் அடையாக இருந்தன.

இக்குறையைத் தேடும் முறை எளிது. எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு ஸ்டட்டிலும், மறு முனையைப் பாட்டரியின் பிளஸ் முனையிலும் வைக்க வேண்டும். பின்னர் அதேபோல் பாட்டரியின் மைனஸ் முனையையும் ஆல்டர்னேட்டரின் உடம்பையும் தொட வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பக்கத்தில்தான் அழுக்கோ, துருவோ, தளர்ந்த லக்கோ, தேய்ந்த கம்பியோ இருக்கிறது. எர்த் பக்கத்தைப் பார்க்காமலே பலர் விட்டுவிடுகின்றனர். எமக்குத் தெரிந்தவரை பழைய வண்டிகளின் நோய்களில் பாதி அங்கேதான் குடியிருக்கிறது.

எஞ்சின் கிளம்பாமைக்குக் காரணம் வேறு. இரண்டு பாட்டரிகளையும் ஓட்டத்தின்போது இணைத்து, நிறுத்தியவுடன் பிரிப்பதற்கு ரிலே ஒன்று உண்டு. அதன் தொடுமுனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே இரவில் விளக்கும் விசிறியும் பின் பாட்டரியை மட்டுமன்றி முன் பாட்டரியையும் சேர்த்துக் குடித்துவிட்டன. எஞ்சினை நிறுத்தி, பின் பக்கத்து விளக்குகளைப் போட்டுவிட்டு இரு பாட்டரிகளையும் அளந்தால் இது வெளிப்படும். பின்னது இறங்கும்போது முன்னதும் கூடவே இறங்கினால் ரிலே பிரியவில்லை. அதை மாற்ற ஆன செலவு ஒரு பாட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்விரண்டும் அல்லாமல் வேறு குறைகளும் உள. பெல்ட் தளர்ந்து வழுக்கலாம்; நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவே அமிழ வேண்டும். டாஷ்போர்டிலுள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கின் பல்பு எரிந்துபோயிருக்கலாம். இது பலருக்கு வியப்பாயிருக்கும்: பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அச்சிறு பல்பின் வழியாகச் செல்லும் மின்சாரமே முதல் தூண்டலைத் தருகிறது. பல்பு போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே கிடக்கும். இரண்டு ரூபாய்ப் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் தொட்டுப் பார்த்து, அது வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே டயோடு ஒன்று கெட்டு மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று கொள்ளலாம். அனைத்தையும் அணைத்த பின்னும் 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் பத்து நாளில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். வாரக்கணக்கில் நிற்கும் சங்க வண்டிகளுக்கு இது பெரிய அளவு.

கோடைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பாட்டரி வெகுவாகச் சூடேறுகிறது. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர். நீர் வற்றித் தகடு வெளியே தெரியுமாறு விடக்கூடாது. வடித்தெடுத்த நீரையன்றி நம் ஊர்ப் போர்வெல் நீரை ஊற்றவே கூடாது. அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஏறும்போது வெளிவரும் வாயு தீப்பற்றக்கூடியதாகையால் பீடி, தீக்குச்சி ஆகியவை பக்கத்தில் வரலாகாது. கழற்றும்போது எர்த் கம்பியை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றிப் பார்ப்பது பழைய டைனமோக் காலத்து வழக்கம். இன்று அது டயோடுகளைக் கொன்றுவிடும்.

எல்லாம் செம்மையாக இருந்தாலும் கணக்கு ஒன்று மிஞ்சுகிறது. மூன்று பல்புகளும் ஒரு விசிறியும் சேர்ந்து 55 வாட் எனில், ஐந்து மணி நேரத்தில் ஏறத்தாழ 23 ஆம்பியர்-மணி செலவாகும். ஊரிலிருந்து சந்தைக்கு ஒரு மணி ஓட்டத்தில் அது திரும்பி வந்துவிடாது. ஏறஏற உள்ளே செல்லும் மின்சாரம் குறைந்துகொண்டே போகும். அரைகுறையாகவே வைத்திருந்தால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகி, பாட்டரி மீளாத நோய்க்கு ஆளாகும். எங்கள் முதலிரண்டு பாட்டரிகளும் இவ்வாறே மாண்டன. ஆகவே இப்போது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சங்க அலுவலகத்தில் இரவு முழுதும் சார்ஜரில் இணைத்து ஏற்றுகிறோம். டிராக்டரும் டீசல் எஞ்சினும் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களும், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே அவை சும்மா நிற்கும் மாதங்களில் இவ்வாறே செய்யலாம்.

தடித்த கம்பி, தனி எர்த், புதிய ரிலே ஆகிய மூன்றோடு வேலை முடிந்தது. மூன்றாம் பாட்டரிக்கான தீர்மானம் எழுதப்படவில்லை. சல்பேட் இறுகாமலிருந்த பழையதையே தனியாக இரண்டு நாட்கள் ஏற்றித் திரும்ப மாட்டினோம். ஓட்டுநரின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் இரு பாட்டரிகளின் எண்களும் அதில் ஏறுகின்றன. அடுத்த ஆடியில் செம்மேட்டில் விடியற்காலை 5 மணிக்கு எழுதப்பட்டவை: முன் பாட்டரி 12.6, பின் பாட்டரி 12.3.