2147483647 (எண்)

2147483647 என்பது பத்து இலக்கங்களைக் கொண்ட ஒரு பகா எண் ஆகும். இது 2³¹ − 1 என்னும் வடிவில் அமைவதால் மெர்சென் பகா எண் எனப்படும். மெர்சென் பகா எண்களின் வரிசையில் இது எட்டாவது ஆகும். அடுக்காக உள்ள 31 உம் 2⁵ − 1 என்னும் மெர்சென் பகா எண்ணே. ஆகையால் இதனை இரட்டை மெர்சென் பகா எண் என்றும் கூறுவர்.

வரலாறு

பிரான்சு நாட்டைச் சேர்ந்த மாரின் மெர்சென் 1644 இல் வெளியிட்ட பட்டியலில் இவ்வெண் பகா எண்ணாகக் குறிக்கப்பட்டது. ஆனால் நிறுவல் தரப்படவில்லை. அதே பட்டியலில் இருந்த 2⁶⁷ − 1, 2²⁵⁷ − 1 ஆகியவை பகு எண்கள் எனப் பின்னர் தெரியவந்தது. 2147483647 பகா எண்ணே என்பதை லியோனார்டு ஆய்லர் 1772 இல் நிறுவி, டேனியல் பெர்னூலிக்குக் கடிதம் மூலம் தெரிவித்தார். பல பத்தாண்டுகளுக்கு அறியப்பட்ட பகா எண்களுள் இதுவே மிகப் பெரியதாக இருந்தது.

நிறுவல்

ஓர் எண் பகா எண்ணா என அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தல் போதும். இங்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 46,341. அதுவரை சுமார் 4,800 பகா எண்கள் உள்ளன. இவ்வேலையைப் பின்வரும் இரு பண்புகள் பெரிதும் குறைக்கின்றன.

1. இவ்வெண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருப்பின், அதனால் 2³¹ ஐ வகுக்க மீதி 1 வரும். 31 பகா எண்ணாதலால், 2 இன் அடுக்குகளுள் மீதி 1 தரும் மிகச் சிறிய நேர் அடுக்கு 31 ஆகும். எனவே ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, காரணியிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது 31 ஆல் வகுபடும். காரணி ஒற்றை எண் ஆகையால் அது 62 ஆலும் வகுபடும்.

2. 2³² என்பது 2¹⁶ இன் வர்க்கம். அதனை அக்காரணியால் வகுக்க மீதி 2 வரும். ஒரு வர்க்கம் மீதி 2 தரவேண்டுமாயின், காரணியை 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்தால், காரணியை 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 மட்டுமே வரமுடியும். 46,341 க்குள் இத்தகைய எண்கள், பகு எண்ணான 63 நீங்கலாக, 372 மட்டுமே. அவற்றுள் எதுவும் 2147483647 ஐ மீதியின்றி வகுப்பதில்லை.

நிறைவெண்

2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128 என்பது எட்டாவது நிறைவெண் ஆகும். அதாவது தன்னைத் தவிர்த்த ஏனைய வகுஎண்களின் கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்கே சமம்.

கணினியியலில்

32 பிட் கொண்ட, குறியுடைய முழு எண்ணில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குச் செல்கிறது. எஞ்சிய 31 பிட்டுகளில் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 2147483647 ஆகும். இவ்வரம்பு எண்ணின் பகாத்தன்மையால் வருவதன்று.

1970 சனவரி 1 முதல் விநாடிகளை இவ்வகை முழு எண்ணில் எண்ணும் மென்பொருள்களில், அனைத்துலக நேரப்படி 2038 சனவரி 19 அன்று 03:14:07 மணிக்கு இவ்வரம்பு எட்டப்படும். அடுத்த விநாடியில் மதிப்பு −2147483648 ஆக மாறி, நாள் 1901 திசம்பர் 13 எனக் காட்டப்படலாம். 64 பிட் எண்ணுக்கு மாற்றுவது இதற்கான தீர்வாகும்.

பகாத்தன்மை நேரடியாகப் பயன்படும் இடம் போலித் தற்செயல் எண்களின் உருவாக்கம் ஆகும். முந்தைய எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே சென்றால், 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களும் ஒருமுறை வந்த பின்னரே தொடர் மீளும்.