பல்லுக்குள் ஒரு திருகாணி

குடியாத்தம் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். பத்துத் தீப்பெட்டிகளை அடுக்கி, ஒரு ரப்பர் பேண்டை நன்றாக இழுத்து மாட்டுங்கள். அடுக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு பெட்டிகூட நழுவாது. இழுபட்ட ரப்பர் சுருங்கப் பார்க்கிறது. பெட்டிகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. தொளதொளத்துப்போன பழைய ரப்பரை மாட்டினால் ஒரு தட்டில் எல்லாம் சரிந்துவிடும்.

உங்கள் தாத்தா வாயில் இம்ப்ளான்ட் பல் இருந்தால், அதற்குள்ளும் இப்படி ஒரு ‘ரப்பர் பேண்ட்’ இருக்கிறது. ஆனால் அது உலோகம்!

தாடை எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன வேர். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று கண்டுபிடித்தவர் சுவீடன் மருத்துவர் பிரானெமார்க். 1965இல் முதன்முதலாக ஒருவருக்கு இப்படிப் பல் வைத்தார். வேருக்கு மேலே பல் போன்ற கேப். இரண்டையும் இணைப்பது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள குட்டித் திருகாணி.

திருகாணியை முடுக்கும்போது அதன் தலை கேப்பில் முட்டி நின்றுவிடும். அதற்குமேலும் திருப்பினால்? மரைகள் கீழே இழுக்க, தலை மேலே தடுக்க, நடுத்தண்டு நீள்கிறது! தலைமுடியின் தடிமன்கூட இருக்காது அந்த நீட்சி. ஆனால் அது சுருங்கப் பார்க்கும் விசை, 30 கிலோ மூட்டையைத் தூக்கப் போதும். கேப்பையும் வேரையும் இறுக்கிப் பிடிப்பது அதுதான்.

எவ்வளவு முடுக்குவது? பல வகைகளுக்கு 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் திருப்புத்திறன் இது. கை மதிப்பில் முடியாது. அதனால் டாக்டர் அளவு காட்டும் ஸ்பேனர் வைத்திருப்பார். குறைந்தால் பிடிப்பில்லை, மிஞ்சினால் ஆணி முறிந்துவிடும்.

வழவழப்பாகத் தெரியும் மரையிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அழுத்தத்தில் மேடுகள் நசுங்க, இழுவிசை கொஞ்சம் குறைந்துவிடும். அதனால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி முடுக்குவார்கள். பிறகு கேப்பின் துளைக்குள் டெஃப்ளான் டேப்பைத் திணித்து, மேலே பல் நிறப் பசையால் அடைப்பார்கள். ஆமாம், பிளம்பர் குழாயில் சுற்றுகிறாரே, அதே வெள்ளை டேப்தான்!

இவ்வளவுக்குப் பிறகும் திருகாணி தளரலாம். ஆம்பூர் பிரியாணியில் எலும்பைக் கடிக்கும்போது விசை நேராக மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் தள்ளும். நாள்தோறும் எத்தனையோ தள்ளல்கள். ஒவ்வொன்றிலும் கேப் ஒரு துளி அசைந்தால், மரை பின்னோக்கி நழுவத் தொடங்கும்.

சிறுவர்களான உங்களுக்கு யாரும் இப்போது இம்ப்ளான்ட் வைக்கமாட்டார்கள். உங்கள் தாடை வளர்கிறது. உலோக வேர் அதோடு நகராது. தாத்தாவின் கேப் ஆடினால் மட்டும், “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லவிடாதீர்கள். தளர்ந்த ஆணியை மறுபடி முடுக்கச் சில நிமிடம் போதும். அதோடே மென்றுகொண்டிருந்தால் வளைந்து வளைந்து ஆணி உடையும். உடைந்த துண்டை வேருக்குள்ளிருந்து எடுப்பது டாக்டருக்கே பெரும்பாடு.