சிரிச்சா வருது, பேசினா வரலை

போன்ல ‘ஹலோ’ சொன்னாலே என் குரல் நெரியும். ஆனா சிரிச்சா, கிசுகிசுத்தா சரியா வரும். அதனாலேயே எல்லாரும் ‘பதற்றம்தான்’னாங்க, நானும் நம்பிட்டேன். மூக்கு வழியா கேமரா விட்டு, பேசவெச்சுப் பார்த்தப்பதான் தெரிஞ்சது: ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா.

தொண்டையில் புண்ணோ கட்டியோ இல்லை. மூளை அனுப்பும் கட்டளை பிசகுவதால், பேசும்போது குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. சிலருக்கு நேர்மாறாகத் திறந்துகொள்ளும். வெறும் காத்துதான் வரும்.

முழுசா குணமாக்க வழியில்லை. 1984-லிருந்து குரல்வளைத் தசையில் போடோக்ஸ் ஊசி போடுறாங்க. முதல் ஓரிரு வாரம் குரல் காத்தாப் போகும். அப்புறம் சுமார் 3 மாசம் நிம்மதி. பிறகு மறுபடி ஊசி.

இப்படிப் பேசுறவங்க யாராவது உங்ககூட இருந்தா, வாக்கியத்தை நீங்க முடிச்சுவைக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க, அவங்களே சொல்லிடுவாங்க.